போயிட்டு வரோம்

தமிழில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வரேன்" என்பதுதான் முறை. அவசரத்தில் யாராவது முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டால், வீட்டில் இருக்கும் பெரியவர் வாசலிலேயே நிறுத்தி மறுபாதியையும் சொல்ல வைப்பார். சகுன நம்பிக்கை என்று இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆனால் மலாயாத் தோட்டத் தமிழர்களின் பயண வரலாற்றை வாசிக்கிற ஒருவருக்கு அந்தச் சொல்லுக்குள் வேறு ஒரு பயமும் கேட்கும்.

நம் கதையை நாம் இரண்டு பயணங்களை வைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். முதலாவது கப்பல் பயணம். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹமிலோ இறங்கியது. இரண்டாவது சயாமுக்குப் போன ரயில் பயணம். இரண்டிலும் 'போனது' உண்டு. பலருக்கு 'வந்தது' இல்லை. நாவல், ஆய்வு, மேடைப்பேச்சு, ஆவணப்படம் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான் இருக்கின்றன. இருக்கவும் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு பயணம் இருக்கிறது. விடியுமுன் எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தலைவாரி, ரயிலேறி எங்கேயோ போய்விட்டு, இரவுக்குள் லயத்துக்குத் திரும்பிவிடுகிற குடும்பப் பயணம். ஒரே நாள்தான். அதில் யாரும் சாகவில்லை. அதனால் யாரும் எழுதவுமில்லை. இந்தப் பயணம் தோட்டத் தமிழனுக்கு எப்போது, எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பார்த்தால், நம் வரலாற்றின் இன்னொரு பக்கம் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த ஊரான ராசாவில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறேன்.

*

ராசா உலு சிலாங்கூரில் இருக்கும் சின்ன டவுன். தஞ்சோங் மாலிமிலிருந்து தெற்கே வரும் ரயில் கோல குபு பாருவைக் கடந்து ராசாவில் நிற்கும். பிறகு பத்தாங் காலி, செரண்டா, ரவாங். மலாய் மொழியில் 'ராசா' என்றால் சுவை, உணர்வு. தமிழ்க் காதுக்கு அது ராஜா. "சம்பளம் போட்ட மறுநாள் ராசாவுக்குப் போனா எல்லாரும் ராசாதான்" என்று எங்கள் தாத்தா ஒரு பழைய ஜோக்கை வருஷம் முழுக்கச் சொல்லுவார். டவுனைச் சுற்றி ஒரு காலத்தில் எந்தப் பக்கம் போனாலும் பால்மரக் காடு. அதற்கு நடுவே ஊர்களைக் கோத்துக்கொண்டு போனது கம்பிச்சடக்கு. ரயில் பாதைக்கு நம் தோட்டத்துப் பெரியவர்கள் வைத்த பெயர் அது.

அந்தக் கம்பிச்சடக்கு மனிதர்களுக்காகப் போடப்பட்டதில்லை. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஓடியது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இலங்கையில் சாலை போட்டுப் பழகிய பயனியர் படையினர் அந்த வேலைக்குத் தருவிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே, 1886இல், கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே சிலாங்கூரின் பாதை திறந்தது. அங்கிருந்து வடக்கே நீண்டு 1892இல் ரவாங்கைத் தொட்டது. அடுத்த சில ஆண்டுகளில் உலு சிலாங்கூர் ஈயச் சுரங்கங்களை நோக்கி செரண்டா, ராசா, கோல குபு என்று ஏறியது. 1901இல் தனித்தனி மாநில ரயில்வேக்கள் ஒன்றாகி 'எஃப்.எம்.எஸ். ரயில்வே' ஆயின. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை ஒரே பாதையாகப் போக முடிந்தது.

ஈயத்துக்குப் போட்ட பாதை ரப்பருக்குக் கை கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரப்பர் விலை ஏறியபோது, ரயில் பாதை ஓரமாகவே தோட்டங்கள் திறந்தன. ரப்பர் ஷீட்டை ஸ்டேஷனில் ஏற்றினால் போதும், துறைமுகம் போய்ச் சேர்ந்துவிடும். அதே துறைமுகத்திலிருந்து அதே பாதையில் எதிர்த்திசையில் ஆட்கள் வந்தார்கள். 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹமில் கப்பலை விட்டு இறங்கி, தனிமைப்படுத்தும் முகாமில் நாள்களைக் கழித்து, கங்காணிக்குப் பின்னால் வரிசையாக நின்று ரயிலேறி, பெயர் தெரியாத ஸ்டேஷனில் இறங்கியவர்கள். ராசாவில் இறங்கியவர்களும் அப்படித்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரயிலில் எல்லாத் தமிழனும் ஒரே தமிழன் இல்லை. சீட்டுக் கொடுக்கிறவரும், ஸ்டேஷன் மாஸ்டரும், தந்தி அடிக்கிறவரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்தவர்கள். கம்பிச்சடக்கில் கட்டை மாற்றி, சரளைக்கல் கொட்டி, புல் வெட்டியவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். தோட்டத்து ஆள் சீட்டு வாங்கப் போனால், கிராணி முன்னால் நிற்பதுபோலத்தான் ஜன்னல் முன்னாலும் நின்றிருப்பான்.

*

அந்த ஆள் எங்கே போக முடியும்?

தொடக்க காலத்தில் எங்கேயும் இல்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. ஆனால் வேலையை விட்டு ஓடுவதைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனை தரும் சட்டம் 1920களின் தொடக்கத்தில்தான் நீங்கியது. அதுவரை வேலைநாளில் ஸ்டேஷன் பக்கம் நிற்கும் கூலியாள் ஒரு பயணியாகத் தெரிந்திருக்க மாட்டான். 'ஓடிப்போறவன்' என்றுதான் தெரிந்திருப்பான். அரசு தொழிலாளர் அறிக்கைகளில் வந்தவர், இறந்தவர், ஓடியவர் எல்லாருக்கும் கணக்கு உண்டு. உறவுக்காரரைப் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பியவருக்குக் கணக்கு கிடையாது.

இன்னொரு தடையும் இருந்தது. குடும்பப் பயணத்துக்கு முதலில் குடும்பம் வேண்டும். ஆரம்பத்தில் வந்தவர்களில் ஆண்களே மிகுதி. இரண்டு மூன்று வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடும் கணக்கோடு வந்தவர்கள். கங்காணி முறை வேரூன்றியபின் பெண்களும் பிள்ளைகளும் கூடுதலாக வரத் தொடங்கினார்கள். இந்திய அரசு 1922இல் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தபின் ஆட்களை அனுப்புவதில் கண்காணிப்பு கூடியது. லயத்தில் சமையல் புகை, ஆயாக் கொட்டகையில் குழந்தை, தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு என்று ஒரு வாழ்க்கை உருவானது இந்தக் காலத்தில்தான்.

அப்போதும் நேரம் அவர்கள் கையில் இல்லை. இருட்டிலேயே மணியடிக்கும். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தண்டல் பெயர் கூப்பிட, கிராணி புத்தகத்தில் குறிப்பார். வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, மங்கில் பால் சேர்ந்ததும் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. 1920களின் பிற்பகுதியில் சிலாங்கூர் மாதிரியான இடங்களில் நியமித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலக மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்ததும் அதுவும் குறைந்தது. பல்லாயிரம் பேர் அரசு செலவிலேயே இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வந்தபோது ஒருவழி, அனுப்பியபோதும் ஒருவழி.

*

நடுவில் ஒரு நாள் மட்டும் விதிவிலக்காக நின்றது. தைப்பூசம்.

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்த கே. தம்புசாமிப் பிள்ளை பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கிவைத்தார். 1892லிருந்து அங்கே தைப்பூசம் நடந்துவருகிறது. மலைக்குப் படி வந்தது பிறகுதான்: 1920இல் மரப்படி, இப்போதுள்ள 272 கான்கிரீட் படிகள் 1940 வாக்கில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலிலிருந்து பத்துமலைக்கு ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. அதுவும் சாமிக்காகப் போட்டதில்லை. மலையின் சுண்ணாம்புக்கல்லை உடைத்து ஏற்றிக்கொண்டு போவதற்காக. வருஷம் முழுக்கக் கல் ஏற்றிய பாதையில் தைப்பூசத்துக்கு மட்டும் ஸ்பெஷல் ரயில் விட்டார்கள்.

நம் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த காட்சிகளில் இது ஒன்று. கல்லுக்காகப் போட்ட தண்டவாளத்தில், ஈயத்துக்காகப் போட்ட பாதை வழியாக வந்து சேர்ந்து, ரப்பருக்காகக் கொண்டுவரப்பட்ட சனம் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. பால்குடம், காவடி, கைக்குழந்தை, கட்டுச்சோறு. சாயங்காலம் திரும்பி வரும். துறைமுகத்திலிருந்து கங்காணி கூட்டி வந்ததும் ரயில்தான், இதுவும் ரயில்தான். வித்தியாசம் ஒன்று: இந்தச் சீட்டைத் தங்கள் காசில் தாங்களே வாங்கினார்கள்.

பக்தி மட்டும்தானா அது? இல்லை என்று நினைக்கிறேன். பத்துமலையில் எதிர்த்தோட்டத்து அண்ணனைப் பார்க்கலாம். கப்பலில் கூட வந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கலாம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசலாம். ஒவ்வொரு தோட்டமும் தனித்தீவாக இருந்த காலத்தில், தீவுகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடிய நாள் அது.

தோட்டத்துக்காரன் தன் விருப்பப்படி நடமாடுவது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு 1941 கிள்ளான் வேலைநிறுத்தமே சாட்சி. ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்ற அந்தப் போராட்டம் சிலாங்கூர் தோட்டங்களில் பரவியது. கூலி உயர்வைத்தான் பாடப்புத்தகம் சொல்லும். கோரிக்கைப் பட்டியலை முழுதாகப் பார்த்தால், வெள்ளைக்காரத் துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று இருக்கிறது. சொந்தபந்தங்கள் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக விட வேண்டும் என்று இருக்கிறது. சைக்கிளில் உட்கார்ந்தபடி போகவும், வந்த மாமனை வீட்டுக்குள் கூப்பிடவும் சனம் போராட வேண்டியிருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் இறங்கியது, மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

*

ஏழே மாதத்தில் ஜப்பான்காரன் வந்தான்.

சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் 70,000க்கும் மேல் என்பது மதிப்பீடு. அதில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். சிலர் வேலை, சம்பளம், சாப்பாடு என்ற பேச்சை நம்பிப் போனார்கள். பலர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். சரக்கு வாகனில் அடைத்து, நாள்கணக்கில் ஓட்டி, சயாமின் பான் போங்கில் இறக்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. காலரா, மலேரியா, பசி, அடி. ஆர். சண்முகம் எழுதி 1993இல் வெளிவந்த 'சயாம் மரண ரயில்' நாவலை இளம் வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும். அந்தக் காட்டை நான் இங்கே திரும்ப விவரிக்கப் போவதில்லை.

தண்டவாளத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதியையும் மலாக்காக் கிளைப்பாதையையும் பெயர்த்தெடுத்து, அந்த இரும்பை அங்கே கொண்டுபோனார்கள். ஆளோடு சேர்த்துப் பாதையும் போனது. தைப்பூசத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிய அதே ஸ்டேஷனில் புருஷனை ஏற்றிவிட்டு நின்ற பெண்களுக்கு, அதற்குப்பின் ரயில் கூவல் எப்படிக் கேட்டிருக்கும்?

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948இல் அவசரகாலம். உலு சிலாங்கூர் அதன் நடுமையத்தில் இருந்தது. அந்த வருஷம் டிசம்பர் 12 அன்று பத்தாங் காலியில் 24 சீனத் தோட்டத் தொழிலாளர்களை பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். 1951 அக்டோபர் 6 அன்று ஹை கமிஷனர் ஹென்றி கர்னி, கோல குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் சுடப்பட்டு இறந்தார். ரயில்களும் தாக்கப்பட்டன, ஊரடங்கு இருந்தது, தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எங்கே இருக்கிறாய் என்பது உயிர்க்கேள்வி. அந்த வருஷங்களில் "போயிட்டு வரேன்" என்பதைச் சும்மா வாய்வார்த்தையாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

*

எங்கள் பாட்டியின் ரயில் கதைகள் எல்லாம் அவசரகாலம் 1960இல் முடிந்த பிறகு நடந்தவை. சாவும் கண்ணீரும் இல்லாத கதைகள் என்பதால் வீட்டில் யாரும் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நான் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் ராத்திரியே புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டிவிடுவார்கள். கருவாட்டுக்குத் தடை, விரதம். தோட்டத்திலிருந்து ராசா ஸ்டேஷனுக்கு நடை. அம்மாவும் மாமாவும் அத்தையும் அப்போது சின்னப் பிள்ளைகள். ஜன்னல் பக்கம் யார் என்று நடந்த சண்டையை மூன்று பேரும் இன்றைக்கும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஜன்னல் கிடைத்தவர் கண்ணில் கரித்தூள் விழும், அதுதான் தண்டனை.

வண்டி நேரத்துக்குப் போனதாக ஒரு கதைகூட இல்லை. காரணம் எளிது. அப்போது ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் ஸ்டேஷனில்தான் ஒன்றையொன்று தாண்ட முடியும். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சியாக ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெரிய வளையத்தில் மாட்டிய டோக்கனை டிரைவரிடம் கொடுப்பார். டோக்கன் இல்லாமல் வண்டி நகரக்கூடாது. மெயில் வண்டிக்கு முதல் மரியாதை. எல்லா ஊரிலும் நிற்கும் லோக்கல் வண்டி ஓரம்கட்டிக் காத்திருக்கும். ஒன்று பிந்தினால் அதன்பின் எல்லாமே பிந்தும்.

திரும்பி வரும்போது ரவாங்கில் நிறுத்தினால், எப்போது எடுப்பான் என்று யாருக்கும் தெரியாதாம். சனம் மெதுவாக இறங்கி பிளாட்பாரத்தில் துண்டு விரித்து உட்காரும். மிச்சச் சோற்றைப் பிரிப்பார்கள். தெரியாத குடும்பத்துப் பிள்ளைக்கும் ஒரு உருண்டை. கோப்பிக்காரனிடம் ஒரு கோப்பி வாங்கி மூன்று பேர் குடிப்பார்கள். யாராவது மெட்டெடுத்துப் பாடுவார்கள்.

"எரிச்சலா இருக்காதா பாட்டி?" என்று கேட்டேன்.

"எதுக்குடா எரிச்சல்? அன்னிக்கு ஒரு நாள்தான் யாரும் நம்மள கூப்புட முடியாது. தண்டல் இல்ல, கிராணி இல்ல. வண்டியே போகாம நாம என்னா செய்ய முடியும்? காலை நீட்டி உக்காந்துகிட்டு கெடந்தோம்" என்றார்.

பல வருஷமாக இந்தப் பதிலை வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் அரைப்பேர் போகும் என்ற கணக்கில் வாழ்ந்த பெண் அவர். அவர் பிந்தினால் தண்டனை. வண்டி பிந்தினால் யாரையும் தண்டிக்க முடியாது. எந்தப் புத்தகத்திலும் ஏறாத, எவனும் நிறுத்துப் பார்க்காத நேரம் அந்தப் பிளாட்பாரத்தில்தான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. நாம் தாமதம் என்கிறோம். அவருக்கு அது லீவு.

தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். பால்மரம் இலையுதிர்க்கத் தொடங்கும் பருவமும் அதுதான். ராத்திரி ராசாவில் இறங்கித் தோட்டத்துக்கு நடக்கும்போது, மொட்டைக் கிளைகளுக்கு இடையில் நிலா கீழேவரை விழும். டார்ச் தேவைப்படாது. தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் சருகு சத்தம் மட்டும் கேட்கும் என்று பாட்டி சொல்லுவார்.

*

அதே ஸ்டேஷன் அவரிடமிருந்து ஒன்றை எடுத்தும் கொண்டது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும். 1957க்குப் பிறகு பத்திரம் எழுதிக் குடியுரிமை வாங்கிக்கொள்ளாதவர்கள் தோட்டங்களில் ஏராளம். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள். இந்த மண்ணிலேயே முப்பது நாற்பது வருஷம் மரம் வெட்டியவர்கள் பல்லாயிரம் பேர் 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'ரஜூலா' மாதிரியான கப்பல்களில் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். பாட்டியின் அக்கா குடும்பமும் அதில் ஒன்று.

ராசா ஸ்டேஷனில் ஏற்றிவிடப் போயிருக்கிறார்கள். வண்டி அன்றைக்கும் தாமதம். அன்றைக்கு மட்டும் அந்தத் தாமதம் போதவில்லை என்றார் பாட்டி. அக்கா என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டேன்.

"போயிட்டு வரேன்டீன்னு சொன்னா. கடுதாசி வந்துச்சி. அவ வரல."

*

இப்போது ராசாவில் நிற்பது மின்ரயில். ரவாங்–ஈப்போ இரட்டைப் பாதைத் திட்டத்தில் புது நிலையம் கட்டினார்கள். 2007இல் ரவாங்கிலிருந்து ராசா வரை கொமுட்டர் ரயில் வந்தது. கொஞ்ச காலத்துக்கு ராசாதான் அதன் கடைசி நிறுத்தம். 2008இல் கோல குபு பாருவுக்கும், 2009இல் தஞ்சோங் மாலிமுக்கும் நீண்டது. வளையமும் டோக்கனும் போய்விட்டன. சுற்றியிருந்த பால்மரக் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்பாகவும் ஆகிவிட்டது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் காலை ரயிலில் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

போன பள்ளி விடுமுறையில் அம்மா, அத்தை, மனைவி, மகள் எல்லாரும் ராசாவில் ஏறி, வண்டி மாறாமல் கடைசிவரை போர்ட் கிள்ளான் போனோம். 1972வரை அதற்குப் பெயர் போர்ட் சுவெட்டன்ஹம். எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலை விட்டு இறங்கி வந்த வழியை நாங்கள் தலைகீழாகப் போனோம் என்று சொல்லலாம். அன்றைக்கு நல்ல மழை. வழியில் வண்டி நின்று நின்று போனது. ஏ.சி. குளிரில் அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ரவாங்கில் கோப்பி வாங்கிக் குடித்த கதையைத் தொடங்கினார். அம்மா குறுக்கே புகுந்து திருத்தினார். மகள் போனை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள். கெத்தாம் தீவுக்குப் படகேறுவதாகத் திட்டம். போய்ச் சேர்ந்தபோது படகேறித் திரும்ப நேரமில்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு, மழையில் நிற்கும் கப்பல்களைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலைப் பிடித்தோம். வீட்டுக்கு வந்து, "என்னா பாத்தீங்க?" என்று கேட்ட மாமாவிடம் சொல்ல ஒன்றும் இல்லை. நல்லா இருந்துச்சி என்று எல்லாரும் சொன்னோம்.

இதை எழுதுவதற்குக் காரணம் பழைய நாள் ஏக்கம் இல்லை. தோட்ட வாழ்க்கையில் ஏங்குவதற்கு அதிகம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு சமூகத்தின் வரலாற்றை அது பட்ட பாட்டை மட்டும் வைத்து எழுதினால், அந்த மனிதர்களைக் கங்காணியின் கணக்குப் புத்தகம் பார்த்த அதே கண்ணால் நாமும் பார்க்கத் தொடங்கிவிடுவோம்: வந்தவர், செத்தவர், ஓடியவர். அவர்கள் போன இடங்களும் உண்டு, திரும்பி வந்த இரவுகளும் உண்டு. தங்களுக்கென்று ஒரு நாளைப் பிடுங்கியெடுக்க எத்தனை வருஷம் ஆனது, அதற்குள் எத்தனை தடவை அது பறிபோனது என்பதும் வரலாறுதான். அதற்கு ஆவணக் காப்பகத்தில் கோப்பு இல்லை. வீட்டில் இருக்கும் வயசானவர்களிடம்தான் இருக்கிறது, அவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

அவர்களிடம் நாம் கேட்கிற கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். "அந்தக் காலத்துல ரொம்ப கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்டால், எல்லாரும் மனப்பாடமான ஒரே பதிலைத்தான் சொல்லுகிறார்கள். போன மாதம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எண்பது வயது அம்மா ஒருவரிடம், "லீவு கெடச்சா எங்கம்மா போவீங்க?" என்று மட்டும் கேட்டேன். முதலில் சிரித்தார். "எங்க பக்கம் ரயிலு இல்லியே, பஸ்ஸுதான்" என்றார். பிறகு அந்த பஸ்ஸின் நிறம், அதில் சாய்ந்து தூங்கிய தங்கச்சி, கிளாங் பாசாரில் அவர் அப்பா வாங்கிக் கொடுத்த பச்சை ரிப்பன், திரும்பும்போது பஸ் பழுதாகி எல்லாரும் இறங்கித் தள்ளியது என்று இரண்டு மணி நேரம் பேசினார்.